வைட்டமின்களின் பேரளவு: அளவும் இடைவெளியும்

சத்து என்னும் சொல்லுக்கு மக்களிடையே மிகுந்த மதிப்பு உண்டு. மருந்து என்றால் அஞ்சும் தாய், சத்து என்றால் தயங்காமல் குழந்தைக்கு ஊட்டுவாள். மருந்தை இரண்டு வேளைக்கு மேல் உண்ண மறுக்கும் முதியவர், சத்து மாத்திரையை மட்டும் யாரும் சொல்லாமலே மாதக்கணக்கில் உண்டு வருவார். சத்து எவ்வளவு மிகுந்தாலும் நன்மையே அன்றித் தீமை இல்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் சோற்றுக்கும் கீரைக்கும் ஓரளவு பொருந்தலாம். புட்டியிலும் மாத்திரையிலும் அடைத்து வரும் வைட்டமின்களுக்கு இது பொருந்தாது.

வைட்டமின்கள் உடலுக்கு மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுவன. 1912ஆம் ஆண்டு காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர் இப்பெயரை அமைத்தார். உயிர்ச்சத்து என்றும், ஜீவசத்து என்றும் தமிழில் இவை வழங்கப்பட்டுள்ளன. இவை குறைந்தால் நோய் உண்டாகும் என்பது பாடநூல்களில் விரிவாகக் கூறப்படும் செய்தி. மிகுந்தாலும் நோய் உண்டாகும் என்பதோ பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கிராமங்களில் பேரளவு வைட்டமின்களை வழங்கும் களப்பணியாளர்களும், மாணவர்களுக்கு உணவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் அந்த ஒரு வரியைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் அவசியம்.

இரு வகை வைட்டமின்கள்

வைட்டமின்களைக் கொழுப்பில் கரைவன என்றும் நீரில் கரைவன என்றும் இரு வகையாகப் பிரிப்பர். ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைவன. பி தொகுதியும் சி வைட்டமினும் நீரில் கரைவன. நீரில் கரையும் வைட்டமின்களில் தேவைக்கு மிஞ்சியதன் பெரும் பகுதி சிறுநீருடன் வெளியேறிவிடுகிறது. பி12 மட்டும் கல்லீரலில் நெடுநாள் தங்கும். கொழுப்பில் கரைவன அவ்வாறு எளிதில் வெளியேறுவதில்லை. ஏ வைட்டமின் பெரும்பாலும் கல்லீரலிலும், டி வைட்டமின் கொழுப்புத் தசையிலும் சேமிக்கப்படுகின்றன.

இச்சேமிப்பு ஒரு நன்மை. கீரையும் பழமும் கிடைக்காத மாதங்களில் உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிட இயல்கிறது. ஆயினும் களஞ்சியத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அது நிரம்பிய பின்னும் தானியத்தைக் கொட்டினால் கேடு விளைவது போலவே, கல்லீரலின் கொள்ளளவை மீறி ஏ வைட்டமின் சேர்ந்தால் அது இரத்தத்தில் மிகுந்து உடலைத் தாக்குகிறது.

இவ்வுண்மை வைட்டமின் என்னும் பெயர் தோன்றுவதற்கு முன்பே மனிதருக்குத் துன்பத்தின் வாயிலாகத் தெரிய வந்தது. 1597ஆம் ஆண்டு வில்லெம் பாரென்ட்ஸ் தலைமையில் வடதுருவக் கடலுக்குச் சென்ற டச்சு மாலுமிகள், நோவாயா ஸெம்லியா தீவில் குளிர்காலத்தைக் கழித்தபோது, துருவக் கரடியின் கல்லீரலைச் சமைத்து உண்டனர். உண்டவர்கள் கடுமையாக நோயுற்றனர். சிலருக்கு உடல் முழுவதும் தோல் உரிந்தது. அக்கல்லீரலில் நச்சாக இருந்த பொருள் மிகுதியான ஏ வைட்டமினே என்பதை 1943ஆம் ஆண்டு ரோடால், மூர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் நிறுவினர்.

இந்தியாவில் ஏ வைட்டமின் பேரளவு

பேரளவு வைட்டமினுக்கு நம் நாட்டில் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு, குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்படும் ஏ வைட்டமின் திரவமாகும். ஏ வைட்டமின் குறைவினால் முதலில் மாலைக்கண் தோன்றுகிறது. பின்னர்க் கண்ணின் வெண்பகுதி பளபளப்பை இழந்து வறண்டு, நுரை போன்ற வெண்மையான புள்ளிகள் காணப்படுகின்றன. இறுதியில் கருவிழி மென்மையுற்றுக் கரைந்து, பார்வை மீளாதபடி அழிகிறது. இதனைத் தடுக்கும் பொருட்டு 1970ஆம் ஆண்டு இந்திய அரசு, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, பேரளவுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்நிறுவனம் முன்பு குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையாக இயங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டதாகும்.

2006ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட அட்டவணைப்படி, குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைத் தடுப்பூசியுடன் 1 லட்சம் சர்வதேச அலகும், ஒன்றரை வயதளவில் 2 லட்சம் அலகும், அதன் பின் ஐந்து வயது வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை 2 லட்சம் அலகும் வழங்கப்படும். மொத்தம் ஒன்பது தவணைகளில் 17 லட்சம் அலகுகள் ஆகின்றன.

இவ்வெண்களைக் கேட்போர் திகைப்பது இயல்பு. ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஏ வைட்டமினில் 1 சர்வதேச அலகு என்பது 0.3 மைக்ரோகிராம் ரெட்டினால். ஆகவே 2 லட்சம் அலகு என்பது 60,000 மைக்ரோகிராம், அதாவது 60 மில்லிகிராம். சிறு குழந்தை ஒன்றின் ஒரு நாள் தேவை ஏறத்தாழ 400 மைக்ரோகிராம். 60,000ஐ 400ஆல் வகுத்தால் 150 கிடைக்கும். ஆகவே ஒரே கரண்டியில் குழந்தைக்கு ஊட்டப்படுவது ஐந்து மாதத் தேவையாகும்.

இக்கணக்கிலிருந்து முக்கியமான ஓர் உண்மை புலனாகிறது. பேரளவு என்பது உடல் கேட்ட அளவன்று. நாள்தோறும் 400 மைக்ரோகிராமை உணவில் பெற முடியாத குழந்தையிடம், ஆண்டுக்கு இரு முறையே பணியாளர் சென்று சேர முடியும் என்பதனால் வகுக்கப்பட்ட ஏற்பாடே அது. எனவே 2 லட்சம் அலகு என்பது பாதி விதியே. ஆறு மாத இடைவெளி என்பது மற்றப் பாதி. இடைவெளியை நீக்கிவிட்டால் அளவு பொருளற்றதாகிவிடும், ஆபத்தானதாகவும் ஆகிவிடும்.

ஏ வைட்டமினின் நன்மை பேரளவில் மட்டும் அடங்கியதன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. திருச்சி மாவட்டத்தில் நடத்தப்பட்டு 1990ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு என்னும் சிற்றளவு வழங்கப்பட்டது. அவ்வாறு பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்து காணப்பட்டது. அதே ஆண்டில் வெளியான ஐதராபாத் ஆய்வில், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்கும் இடையே இறப்பில் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்விலும், பேரளவினால் இறப்பு குறைந்தது மிகச் சிறிதளவே என்று தெரிந்தது. குறைவு மிகுந்துள்ள இடத்தில் ஏ வைட்டமின் உயிரையும் கண்ணையும் காக்கிறது. குறைவு குன்றிய இடத்தில் அதன் பயனும் குன்றுகிறது. பேரளவை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமாகத் தொடர்வது தேவைதானா என்று நம் நாட்டு ஊட்டச்சத்து அறிஞர்கள் விவாதித்து வருவதற்கு இதுவே காரணம். விவாதம் எவ்வாறாயினும், களப்பணியாளர் தம் மாநிலச் சுகாதாரத் துறையின் நடப்பு ஆணையையே பின்பற்ற வேண்டும்.

கரண்டியின் கதை

அரசு வழங்கும் திரவத்தில் 1 மில்லிலிட்டரில் 1 லட்சம் அலகு உள்ளது. புட்டியுடன் வரும் கரண்டி 2 மில்லிலிட்டர் கொள்ளும். அதன் பாதியில் 1 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு இடப்பட்டிருக்கும். ஒன்பது மாதக் குழந்தைக்குக் கோடு வரையிலும், பெரிய குழந்தைக்கு முழுக் கரண்டியும் அளக்க வேண்டும்.

இக்கரண்டி அற்பப் பொருளாகத் தோன்றும். முகாம் நடுவே அது தொலைந்துவிட்டால், அருகிலுள்ள வீட்டிலிருந்து தேக்கரண்டி ஒன்றை வாங்கிப் பணியைத் தொடரலாம் என்று எண்ணத் தோன்றும். வழக்கமான தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் நிரப்பினால் 5 லட்சம் அலகு ஆகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது இரண்டரை மடங்கு. ஒன்பது மாதக் குழந்தைக்கு ஐந்து மடங்கு. சில மணி நேரத்துக்குள் அக்குழந்தை வாந்தியெடுத்து, தலைவலியால் அழுது, பால் மறுத்துச் சோர்ந்து கிடக்கக் கூடும். உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தைக்கு மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தம் மிகுவதனால் அக்குழி புடைத்துக் காணப்படும்.

2001ஆம் ஆண்டு நவம்பரில் அசாம் மாநிலத்தில் நடைபெற்ற ஏ வைட்டமின் வழங்கும் இயக்கத்தை அடுத்து, பல குழந்தைகள் நோயுற்றதாகவும் சில குழந்தைகள் இறந்ததாகவும் செய்தி பரவியது. அவ்விறப்புகளுக்குக் காரணம் மருந்தா, வேறு நோயா என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. ஆயினும் விவாதத்தின் நடுவே இருந்தது ஓர் அளவைப் பாத்திரமே. வழக்கமான 2 மில்லிலிட்டர்க் கரண்டிக்குப் பதிலாக 5 மில்லிலிட்டர் கொள்ளும் கிண்ணம் அவ்வியக்கத்தில் பயன்படுத்தப்பட்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் சிறிய அளவை அளக்கும்போது கை தவறுவது எளிது. இந்நிகழ்ச்சியிலிருந்து களப்பணியாளர் கொள்ள வேண்டிய பாடம் இதுவே: உரிய கரண்டி இல்லையெனில் அன்று மருந்து வழங்கலாகாது. ஒரு வாரம் தாமதித்தால் குழந்தைக்கு இழப்பில்லை. அளவு தவறினால் இழப்பு உண்டு.

இயல்பான விளைவும் ஆபத்தான விளைவும்

சரியான அளவு வழங்கப்பட்டபோதும் சில குழந்தைகளுக்கு வாந்தி, தலைவலி, சிணுங்கல், இளகிய மலம் ஆகியவை தோன்றலாம். இவை ஒன்றிரண்டு நாட்களில் தாமே நீங்கிவிடும். இதனைத் தாய்க்கு முன்னரே சொல்லி வைத்தல் நலம். சொல்லாது விட்டால், மறு தவணைக்கு அத்தாய் குழந்தையை அழைத்து வர மாட்டாள்.

தொடர்ந்த வாந்தி, வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழங்கிய புட்டியையும் கரண்டியையும் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவில் தவறு நேர்ந்திருக்குமோ என்னும் ஐயம் சிறிதேனும் இருப்பின் அதை மறைத்தல் பெருந்தவறு. எவ்வளவு மருந்து உட்கொள்ளப்பட்டது என்று அறிந்தால்தான் மருத்துவர் குழந்தையைச் சரியாகக் கவனிக்க இயலும்.

ஒரே நாளில் மிகுதியாக உண்பதனால் விளையும் தீங்கு இது. நாள்தோறும் சிறிது மிகையாகப் பல மாதங்கள் உண்பதனால் விளையும் தீங்கு வேறு வகையது. தோல் வறண்டு உரிதல், முடி உதிர்தல், எலும்பிலும் மூட்டிலும் வலி, பசியின்மை, கல்லீரல் கேடு ஆகியன மெல்ல மெல்லத் தோன்றும். இவற்றைச் சத்துக் குறைவின் அடையாளம் என்று தவறாக எண்ணி மேலும் மாத்திரை உண்பாரும் உண்டு.

கருவுற்ற தாய்மாருக்குத் தனி எச்சரிக்கை தேவை. கருவின் உறுப்புகள் உருவாகும் காலத்தில் மிகையான ஏ வைட்டமின் அவ்வுறுப்புகளைக் குறையுடையனவாக்க வல்லது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, குறைவு மிகுந்துள்ள பகுதிகளிலும் கருவுற்ற தாய் நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேலாகவோ, வாரத்துக்கு 25,000 அலகுக்கு மேலாகவோ உட்கொள்ளலாகாது. குழந்தைகளுக்கான திரவம் எக்காரணம் கொண்டும் கருவுற்ற பெண்ணுக்கு வழங்கப்படலாகாது.

டி வைட்டமின்

அண்மைக் காலத்தில் பரவலாக வழங்கும் மற்றொரு பேரளவு, 60,000 அலகு கொண்ட டி வைட்டமின் பொடியும் மாத்திரையுமாகும். ஒருவரின் நாள் தேவை 600 அலகு. ஆகவே ஒரு பொட்டலம் நூறு நாள் தேவைக்குச் சமம். குறைவு உள்ளவர்களுக்கு மருத்துவர் இதை வாரத்துக்கு ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதித் தருவது வழக்கம். இங்கும் தவறு நேர்வது பெரும்பாலும் இடைவெளியில்தான். வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று கொள்வாரும், எட்டு வாரம் என்பதை மறந்து ஆண்டுக்கணக்கில் தொடர்வாரும் உளர்.

டி வைட்டமின் மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறுகிறது. தாகம், மிகுந்த சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியன தோன்றி, சிறுநீரகம் கெடும் நிலையும் ஏற்படலாம். கொழுப்பில் சேர்ந்திருப்பதனால், மருந்தை நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் இத்தீங்கு தொடரக்கூடும். வெயிலினால் தோலில் உண்டாகும் டி வைட்டமின் இவ்விதம் நஞ்சாவதில்லை என்பது கவனிக்கத் தக்கது. தேவைக்கு மேல் உண்டானதைத் தோலே சிதைத்துவிடுகிறது.

நீரில் கரைவன தீங்கற்றனவா?

நீரில் கரையும் வைட்டமின்கள் சிறுநீரில் கழிந்துவிடும் என்பதனால் அவற்றை எவ்வளவும் உண்ணலாம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று இதனைத் தகர்த்தது. நாள்தோறும் 2 முதல் 6 கிராம் வரை பி6 உட்கொண்ட எழுவருக்கு நரம்புகள் கெட்டு, கைகால் மரத்து, நடை தள்ளாடியது. பி6இன் நாள் தேவையோ ஏறத்தாழ 2 மில்லிகிராம். அவர்கள் உண்டது ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் ஆகும்.

சி வைட்டமின் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேற்பட்டால் வயிற்றுப்போக்கு உண்டாகும். இயல்புடையோர்க்குச் சிறுநீரகக் கல்லும் தோன்றலாம். ஃபோலிக் அமிலம் மிகையாக உண்பவரிடம், பி12 குறைவினால் வரும் சோகை மறைந்துபோய், நரம்புக் கேடு மட்டும் வெளித்தெரியாமல் வளரக்கூடும். புலால் உண்ணாதவரிடையேயும் முதியோரிடையேயும் இது நினைவில் இருத்தற்குரியது. எனினும் கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் வரையறுத்த அளவிலானவை. அவற்றை இவ்வச்சத்தால் நிறுத்தலாகாது.

காய்கனிகளில் உள்ள கரோட்டினை உடல் தன் தேவைக்கேற்பவே ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. ஆதலால் முருங்கைக்கீரையும் மாம்பழமும் பப்பாளியும் உண்டு ஏ வைட்டமின் நஞ்சு அடைந்தவர் இல்லை. மிகுதியாக உண்டால் தோல் மஞ்சள் நிறம் பெறலாம். கண்ணின் வெண்மை மாறாதிருப்பதனால் இதனைக் காமாலையிலிருந்து வேறுபடுத்தி அறியலாம். ஆனால் அதே கரோட்டினை மாத்திரையாக்கி 29,000க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடையே ஃபின்லாந்தில் ஆராய்ந்தபோது, மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்தது என 1994இல் வெளியான முடிவு தெரிவித்தது. உணவில் நன்மை தரும் பொருள் மாத்திரையிலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ள முடியாது.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வழங்குமுன் குழந்தையின் வயதையும் தாய் சேய் நல அட்டையையும் பார்க்க வேண்டும். "அம்மா, சென்ற முறை எந்த மாதம் கொடுத்தார்கள்? அட்டை இருக்கிறதா?" என்று கேட்டல் போதும். தாயின் நினைவை மட்டும் நம்புதல் ஆகாது. தனியார் மருத்துவரிடம் பெற்றதையும் விசாரிக்க வேண்டும்.

2. புட்டியுடன் வந்த கரண்டியாலேயே, கண் மட்டத்தில் பிடித்து அளக்க வேண்டும். தேக்கரண்டி, கிண்ணம், மூடி ஆகியவை விலக்கத் தக்கவை.

3. அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்துத் திரவத்தை ஊற்றலாகாது. அமைதியடைந்த பின் ஊட்ட வேண்டும்.

4. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேல் எழுத வேண்டும். திறந்து எட்டு வாரங்களுக்கு மேற்பட்டதைப் பயன்படுத்தலாகாது. வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், உறையவிடலாகாது.

5. ஊட்டிய உடனே அட்டையிலும் பதிவேட்டிலும் தேதியைக் குறிக்க வேண்டும். மாலையில் சேர்த்து எழுதலாம் என்று ஒத்திவைத்தலே ஒரு குழந்தைக்கு இருமுறை வழங்குவதற்குக் காரணமாகிறது.

6. மாலைக்கண்ணோ கண்ணில் வெண்புள்ளியோ உள்ள குழந்தையை மருத்துவ அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். நோய் தீர்க்கும் தவணை வேறு. அதன் இடைவெளியும் வேறு. அதனை அவரே வகுப்பார்.

7. எக்குடும்பத்துக்கும் புட்டியைக் கொடுத்துவிட்டு வரலாகாது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இப்பொருளைக் கணக்குப் பாடத்துடன் இணைத்து நடத்தலாம். மேற்கூறிய 150 நாள் கணக்கையும், 60,000ஐ 600ஆல் வகுக்கும் கணக்கையும் மாணவர்களே போடட்டும். பின்னர், வீட்டிலுள்ள சத்து மாத்திரை உறை ஒன்றைப் பெரியோர் அனுமதியுடன் கொண்டுவரச் செய்து, அதில் எழுதியுள்ள அளவு எத்தனை நாள் தேவைக்குச் சமம் என்று காணச் செய்யலாம். ஒரே வைட்டமின் இரண்டு மூன்று மாத்திரைகளில் இருப்பதும் அப்போது புலப்படும். 2018ஆம் ஆண்டின் உணவுத்தர விதிகளுக்குப் பின் ஏ, டி வைட்டமின்கள் சேர்த்த எண்ணெயும் பாலும் கடைகளில் விற்கப்படுவதையும் சுட்டிக்காட்டலாம். பல வழிகளில் வருவதைக் கூட்டிப் பார்க்கும் பழக்கமே இப்பாடத்தின் பயன்.

இவற்றையெல்லாம் கேட்டு, வைட்டமின் என்றாலே அஞ்சும் மனநிலை மாணவரிடமோ தாய்மாரிடமோ உண்டாகிவிடக் கூடாது. ஏ வைட்டமின் இன்றிக் கருவிழி கரைந்த குழந்தைக்கு அதன் பின் எத்தனை கரண்டி ஊட்டினாலும் பார்வை திரும்பாது. உரிய காலத்தில் உரிய அளவு சென்று சேர்ந்தால் அக்கண் காக்கப்படும். அந்த அளவைக் கரண்டியும், அந்தக் காலத்தைப் பதிவேடும் காட்டுகின்றன. களப்பணியாளர் தம் பையில் மருந்துப் புட்டியுடன் இவ்விரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கிராமத்துக்குப் புறப்பட வேண்டும்.